ஆறு வாரத்துக்கு ஒரு காரணம்

நாற்காலி போதவில்லை.

"விண்ணப்பதாரர் தம் குடும்பத்தாரை உடன் அழைத்து வரலாம்" என்று ஆஸ்பத்திரிக் கடிதத்தில் போட்டிருந்தது வாஸ்தவம்தான். அதை எழுதும்போது மேலாளர் கிளெனிஸ் அம்மாள் மனதில் இருந்தது ஒரு ஆள், மிஞ்சிப் போனால் இரண்டு. ரெவி கராக்காவுக்குப் பின்னால் வந்து நின்றது எட்டுப் பேர், ஒரு கிட்டார், ஒரு பெரிய தட்டு நிறையப் பொரித்த ரொட்டி.

"காலின், இன்னும் ஆறு நாற்காலி வேணும்" என்றார் கிளெனிஸ்.

வாசலோரம் நின்ற நரைமீசைக்காரர் காலின், ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிற வார்டு உதவியாளர். பேச்சு இல்லாத மனிதர். ஒரு தடவைக்கு இரண்டாக மூன்று நடை நடந்து நாற்காலி போட்டார். காலியாக இருக்கும் இன்னொரு வார்டு உதவியாளர் இடத்துக்குத்தான் அன்றைக்கு நேர்காணல்.

நியூசிலாந்தின் அந்தக் கிழக்குக் கரையில், 'நான் கெட்டிக்காரன்' என்று தானே சொல்லிக்கொள்பவனைக் கண்டால் மாவோரி ஜனங்கள் கோழிக்கூட்டைப் பூட்டிவிடுவார்கள். ஒருவன் பெருமையை அவன் குடும்பம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பேர். படைக்குத் தலைமை ரெவியின் மனைவியுடைய அக்கா ரோப்பி. அறுபத்து நாலு வயது, கனத்த சாரீரம், அதைவிடக் கனத்த பார்வை. அவளுக்கு வலப்பக்கம் ஒரே மாதிரிக் கம்பளிச்சட்டை போட்ட மூன்று சித்திகள். கிட்டாரோடு நின்றவன் ரெவியின் பங்காளி ஹோனே. மீதி மூன்று பேர் பாட்டுக்குக் குரல் கொடுக்க வந்தவர்கள்.

ரெவிக்கு ஐம்பத்தொரு வயது. அவன் கோட்டுப் பையில் மடித்த காகிதம் ஒன்று வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. ஆக்லாந்தில் இருக்கும் மகள் மானியா அனுப்பிய கேள்வி பதில். ஏழாவது கேள்வி: தற்போதைய வேலையில் குறுகிய காலமே இருந்தது ஏன்? பதில்: புதிய பொறுப்புகளை ஏற்று வளர விரும்புகிறேன். அதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு, "அம்மாவைப் பத்திப் பேசாதீங்கப்பா. பேசினா அழுவீங்க. அழுதா வேலை போச்சு" என்று எழுதியிருந்தாள்.

முதலில் பிரார்த்தனை. ஆஸ்பத்திரியின் மாவோரிப் பெரியவர் தியோபிரா நடத்தி வைத்தார். அவரும் தேர்வுக் குழுவில் ஒருவர். பிறகு அறிமுகம். எந்த மலை, எந்த ஆறு, எந்தப் பாட்டன் என்று ஆரம்பித்து இருபத்தைந்து நிமிஷம் ஓடியது. முடிவில், பெரியவரின் அத்தையும் ரோப்பியின் பாட்டியும் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்பது தெரியவந்தது.

"அப்போ நீங்க சொந்தமா? அதைக் குறிச்சு வெக்கணும்" என்றார் கிளெனிஸ், பேனாவை எடுத்து.

"இந்தக் கரையில சொந்தமில்லாதவங்களைக் குறிச்சா காகிதம் மிச்சம்மா" என்றார் தியோபிரா.

கிளெனிஸ் குறிக்கத்தான் செய்தார். பிறகு விண்ணப்பத்தைப் புரட்டினார். ரெவி கையை முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"மலைக்கு அந்தப் பக்கம் மர ஆலையில இருக்கீங்க. சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகுது. அதுக்குள்ள ஏன் விட்டுட்டு வரணும்னு தோணுச்சு?"

முதல் கேள்வியே ஏழாம் கேள்வி.

"புதிய" என்றான் ரெவி. "புதிய பொறு..."

ஹோனே வீட்டுக் கொல்லையில், இப்போது ரெவி படுத்துக்கொள்ளும் கேரவன் வண்டிக்குள், தேநீர்க் கெண்டிக்கு முன்னால் நின்று, நூறு தடவை சொல்லிப் பார்த்த வரி. கெண்டிக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். இவனுக்கு மறந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு ஜன்னல் வந்து நின்றது. ஜன்னல் வந்தால் மனைவி மெரேயானா வருவாள். அவள் வந்தால் அழுகை வரும். ரெவி வாயை மூடிக்கொண்டான்.

அறை அமைதியானது. அந்தக் குடும்பத்தால் எதையும் தாங்க முடியும், அமைதியை மட்டும் தாங்க முடியாது. ஹோனே எழுந்தான்.

"அம்மா, அண்ணன் கூச்ச சுபாவம். நான் சொல்றேன். அவர் கைவேகம் அப்படி. ஆறு மாச வேலையை ஆறு வாரத்துல முடிச்சுட்டார். ஆலையில இனிமே அவருக்குக் குடுக்க வேலையே இல்ல."

கிளெனிஸ் எழுதிக்கொண்டார். "அப்போ சீக்கிரம் சலிச்சுப் போயிடும்போல. இங்க தினமும் ஒரே வேலைதான். கட்டிலைத் தள்ளிட்டுப் போகணும், திரும்பத் தள்ளிட்டு வரணும்."

"நீ உக்காரு" என்றாள் ரோப்பி ஹோனேயிடம். அவன் உட்கார்ந்தான். "சலிப்பா? இவனுக்கா? என் தங்கச்சி ஆக்குன பன்னி எலும்பும் கீரையும், ஒரே கஞ்சி, இருபத்தேழு வருஷம் மூஞ்சி சுளிக்காம..."

ரெவி திரும்பிப் பார்த்தான். ரோப்பி நிறுத்தினாள். அவளும் தங்கை என்ற வார்த்தையைத் தாண்டி ஒரு பேச்சை முடித்ததில்லை, மூன்று மாதமாக. பேச்சை வேறு பக்கம் திருப்பினாள்.

"காரணம் மரத்தூள்தான். ஆலை பூரா தூசி. பாவம், மூச்சு இளைக்குது."

"நெஞ்சுல கோளாறு இருக்கா?" கிளெனிஸ் வேறொரு படிவத்தைத் தேடினார். "இது பாரம் தள்ளுற வேலையாச்சே."

"கோளாறா? அவர் நெஞ்சுலயா?" ஹோனே மறுபடி எழுந்துவிட்டான். "தண்ணிக்குள்ள மூணு நிமிஷம் மூச்சடக்குவார் அண்ணன். ஒரே முங்கல், அறுபது சிப்பி எடுத்துட்டு வருவார்."

தியோபிரா தொண்டையைக் கனைத்தார். பெரியவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கௌரவ மீன்வளக் காவலர். அளவுக்கு மேல் சிப்பி எடுத்த சொந்த மருமகனையே பிடித்துக் கொடுத்த மனிதர்.

"எத்தனைன்னு சொன்னே?"

"ஆறுங்கய்யா."

"நல்ல காலம்" என்றார் பெரியவர்.

சமாளித்துவிட்ட தெம்பில் ஹோனேக்கு நாக்கு நீண்டது. "உடம்புல ஒரு குறையும் இல்லம்மா. குறையெல்லாம் அந்த ஃபோர்மேன்கிட்டதான். மனுஷனை மனுஷனா நடத்தத் தெரியாதவன். யாரும் ஆறு வாரம் தாங்க மாட்டாங்க."

ரெவி கண்ணை மூடிக்கொண்டான். கிளெனிஸ் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை உருவினார்.

"ஃபோர்மேன் நற்சான்று குடுத்திருக்காரே. 'ரெவி எங்கள் ஆலையின் தங்கம். இவரைப் பிரிய எனக்கு மனமே இல்லை.' கீழே ஹோனே கராக்கான்னு கையெழுத்து." மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்தார். "உங்க பேரு என்னன்னு சொன்னீங்க?"

ஹோனே கிட்டாரைப் பார்த்தான். அது உதவவில்லை.

"ஹோனே."

"கராக்கா?"

"அந்தக் குடும்பம்தான்."

"அப்போ அவரால தாங்க முடியாத ஃபோர்மேன்..."

அந்த ஜனங்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. சபையில் பேசுகிறவன் நாக்கு பள்ளத்தை நோக்கிப் போகிறது என்று தெரிந்தால், பெண்கள் எழுந்து பாட ஆரம்பித்துவிடுவார்கள். பாட்டு தொடங்கியதும் அவன் பேச்சை விட்டுவிட வேண்டும். எவ்வளவு பெரிய ஆளானாலும் அதற்கு மேல் ஒரு சொல் பேச முடியாது. ரோப்பி எழுந்து அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தாள். சித்திகள் மூவரும் எழுந்தார்கள். ஹோனே பிழைத்தோம் என்று கிட்டாரைத் தட்டினான். மூன்று சரணமும் முழுசாகப் பாடினார்கள். பக்கத்து வார்டிலிருந்து யாரோ சுவரைத் தட்டித் தாளம் போட்டு, கடைசிச் சரணத்தில் சேர்ந்தும் பாடினார்கள்.

கிளெனிஸ் பண்பாக ஒரு தடவை கைதட்டினார். பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"சரி, ஆலை இருக்கட்டும். அதுக்கு முன்னாடி ரோடு போடுற வேலை பதினெட்டு வருஷம், நல்லாருக்கு. அதுக்கும் ஆலைக்கும் நடுவுல பதினேழு மாசம் ஒண்ணுமே எழுதலையே."

மானியாவின் காகிதத்தில் இந்தக் கேள்வி இல்லை.

"வெளிநாடு போயிருந்தார்" என்றான் ஹோனே. உட்கார்ந்தபடியேதான் சொன்னான்.

"எந்த நாடு?"

"ஆஸ்திரேலியா" என்றாள் முதல் சித்தி.

"சமோவா" என்றாள் இரண்டாம் சித்தி, அதே நேரத்தில்.

மூன்றாமவள் கொஞ்சம் காது மந்தம். "எங்கயும் போகலியே, இங்கதானே இருந்தான்" என்றாள்.

கிளெனிஸ் பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார். கோபக்காரி இல்லை அவர். ஆனால் பதினைந்து வருஷமாக ஆள் எடுக்கிறவர். "ரெவி, ஒண்ணு சொல்லிடறேன். இங்க யாரைச் சேர்த்தாலும் போலீஸ்ல விசாரிப்போம். எதுவா இருந்தாலும் நீங்களே சொல்லிட்டா நல்லது."

தியோபிரா முன்னால் குனிந்தார். சொந்தம் என்று ஆகிவிட்டதே, அந்த உரிமையில் குரலைத் தணித்துக் கேட்டார்.

"தம்பி, வெக்கப்படாத. உள்ள இருந்தியா?"

ரோப்பி பாட வாயைத் திறந்தாள். ரெவி கையைத் தூக்கித் தடுத்தான். அப்படி அவன் அவளைத் தடுத்தது அதுதான் முதல் தடவை. பையிலிருந்த காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தான்.

"ஆமாங்கய்யா. உள்ளதான் இருந்தேன்."

சித்திகள் மூவரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

"இந்த ஆஸ்பத்திரிக்குள்ள. ரெண்டாவது வார்டு, கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலி. பதினேழு மாசத்துல பாதி வீட்டுல என் சம்சாரம் பக்கத்துல, மீதி இங்க வந்து வந்து போனோம். அவளுக்கு ஈரல்ல புத்துநோய் வந்தது. மெரேயானான்னு பேரு. இந்தக் குடும்பம் இன்னைக்கு முழுக்கச் சொல்லாம சுத்தி வர்றது அவளைத்தான். நான் அழுதுடுவேன்னு பொண்ணு சொல்லியிருக்கா. அழறேன். மன்னிச்சுக்குங்க."

அழுதான். யாரும் பாடவில்லை. காலின் அந்நேரம் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கடைசியா வந்தப்போ ஒன்பது நாள் இருந்தோம்" என்றான் ரெவி. "அந்த வார்டு ஜன்னலைத் திறந்தா எதிர்ச் சுவர்தான். நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கல. எழுந்தா போயிடுவான்னு ஒரு பயம். முட்டாள்தனம்தான். பத்தாம் நாள், வீட்டுல போய் சாகறேன்னு சொன்னா. ஆம்புலன்ஸ் சொல்லிட்டாங்க. கட்டில் தள்ள ஒருத்தர் வந்தார்."

"யாரு?" என்றார் கிளெனிஸ்.

"தெரியாதும்மா. முகமூடி போட்டிருந்தார். ஒரு வார்த்தை பேசல. ரெண்டாவது வார்டுலேருந்து ஆம்புலன்ஸ் வாசலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு நிமிஷம்."

"எங்களுக்கு இருபது நிமிஷம் ஆச்சு. நேர் வழியில போகாம, அந்தப் பழைய கட்டடத்துப் பக்கமா, கடல் தெரியற பெரிய ஜன்னல் இருக்கே, அதைத் தாண்டி எங்களைக் கூட்டிட்டுப் போனார். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. நடுவுல அவ செருப்பை வார்டுலயே விட்டுட்டோம்னு நான் ஓடிப்போய் எடுத்துட்டு வந்தேன். வந்து பாத்தா அவ கட்டிலை ஜன்னலை ஒட்டி நிறுத்தியிருக்கார். 'ரெவி, அங்க பாரு, அங்க பாரு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. வெயில், அலை, எல்லாம். அப்புறம் இன்னொரு சுத்து. மறுநாள் வீட்டுல போயிட்டா."

மூக்கை உறிஞ்சினான். முதல் சித்தி கைக்குட்டை கொடுத்தாள்.

"கேட்டதுக்கு இதாம்மா பதில். புதைச்ச பிறகு வீட்டுல இருக்க முடியல. ஹோனேதான் ஆலையில சேர்த்துவிட்டான், படுக்க கேரவன் குடுத்தான். அவன் நல்ல ஃபோர்மேன். ஆறு வாரமா மரக்கட்டையைத் தள்ளுறேன். ஒவ்வொரு கட்டையைத் தள்ளும்போதும் அந்த மனுஷன் ஞாபகம். கட்டைக்குக் கடல் காட்ட முடியாதே. இங்க ஆள் வேணும்னு பேப்பர்ல பாத்தேன். அவர் எங்களுக்குச் செஞ்சதை இன்னொருத்தருக்கு நான் செய்யணும். வழியெல்லாம் அத்துப்படியாத் தெரிஞ்ச, நல்ல மனசுக்காரர். அந்த மாதிரி ஆகணும். வேற காரணம் இல்ல."

தேநீர் வண்டியிலிருந்து ஒரு கரண்டி கீழே விழுந்தது. காலின் குனிந்து எடுக்க ரொம்ப நேரம் ஆனது.

கிளெனிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கட்டிலை நேர் வழியில கொண்டுபோகணும்ங்கிறது இங்க விதி" என்றார். சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார். "ஆறு வாரத்துல இங்கேருந்தும் கிளம்பிட மாட்டீங்களே?"

"அவளை அந்தக் குன்றுலதான் வெச்சிருக்கோம். ஜன்னல்லேருந்து பாத்தா தெரியும். நான் எங்கம்மா போகப்போறேன்?"

கிளெனிஸ் தியோபிராவைப் பார்த்தார். பெரியவர் ஏற்கெனவே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், சொந்தம் என்று குறித்து வைத்ததையெல்லாம் மறந்துவிட்டு.

"முறைப்படி கடிதம் வரும். போலீஸ் காகிதம் வந்ததும் சேரலாம். ஆலைக்கு முன்கூட்டி எத்தனை நாள் நோட்டீஸ் குடுக்கணும்?"

"ஃபோர்மேன் சம்மதிச்சாச்சு" என்றான் ஹோனே, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. "கல்நெஞ்சுக்காரன்தான், இருந்தாலும் சம்மதிச்சுட்டான்."

இப்போது ரோப்பி எழுந்தாள். யாருடைய பேச்சையும் நிறுத்த அல்ல. நல்ல பேச்சு முடிந்தால் அதற்கும் ஒரு பாட்டு உண்டு. மெரேயானா தொட்டில் ஆட்டும்போது பாடியது. பாதிக்கு மேல் ரோப்பியால் முடியவில்லை. மூன்றாம் சித்தி, காது மந்தமானவள், யாரும் நிறுத்தியது தெரியாமல் தனியாகக் கடைசிவரை பாடி முடித்தாள்.

தேநீர் வந்தது, பொரித்த ரொட்டி சுற்றி வந்தது. கிளெனிஸ் இரண்டு ரொட்டி சாப்பிட்டார். மூன்றாவதைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்ததை ரோப்பி பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள்.

"காலின், இவரைக் கூட்டிட்டுப் போய் வழியெல்லாம் காட்டுங்க" என்றார் கிளெனிஸ். "நீங்கதான் பழக்கிவிடணும்."

இருவரும் நடைகூடத்தில் போனார்கள். காலின் ஒரு காலிச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே நடந்தார், கைக்கு ஏதாவது வேண்டும் என்பதுபோல. எக்ஸ்ரே அறை, சமையல்கட்டு, ரெண்டாவது வார்டு. ரெவி அந்தப் பக்கம் திரும்பாமல் கடந்தான். பழைய கட்டடத்துக்குள் திரும்பியதும் அந்தப் பெரிய ஜன்னல். மழை விட்டிருந்தது. கடலுக்கு மேல் ஒரு பட்டை வெளிச்சம். தள்ளி அந்தக் குன்று.

ரெவி நின்றான். "இங்கதான்" என்றான். "அவரைப் பாத்து நன்றி சொல்லணும்னு மூணு மாசமா நினைக்கிறேன். நீங்க இங்கேயே வேலை பாக்கறவர். யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

காலின் சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"நான்தாங்க அது" என்றார். "அன்னைக்கு எனக்கு இங்க ரெண்டாவது நாள், வழி தெரியாமத்தான் முழிச்சுக்கிட்டு நின்னேன், நீங்க செருப்பெடுக்க ஓடினப்போ உங்க சம்சாரம் என் கையைப் புடிச்சு, 'வழி தெரியலன்னு அவர்கிட்ட மூச்சு விடாதீங்க, ஒன்பது நாளா அந்த மனுஷன் வெளிச்சத்தையே பாக்கல, அவருக்காக இன்னொரு சுத்து தொலைஞ்சு போங்க'ன்னு சொன்னாங்க."